மிளகு என்ன விலை? கணினி விளையாட்டுப் பாத்திரங்கள் பேச வேண்டிய தமிழ்

புறநானூற்று 152-ஆம் பாட்டில், பாணர் கூட்டம் ஒன்று காட்டு வழியில் ஒரு வேடனை எதிர்கொள்கிறது. அவன் விட்ட ஒரே அம்பு யானையைச் சாய்த்து, புலியைத் துளைத்து, மானை உருட்டி, பன்றியை வீழ்த்தி, கடைசியில் புற்றுக்குள் கிடந்த உடும்பில் போய்த் தைத்து நிற்கிறது. பாடும் புலவர் வன்பரணருக்கு எதிரே நிற்பவன் யாரென்று தெரியாது. விற்பதற்காகக் கொல்கிறவனைப் போல இல்லை. மார்பில் ஆரம் தொங்குகிறது. ஒருவேளை கொல்லிமலைக்கு உரிய ஓரிதானோ, இல்லையோ என்று அவர் மனம் ஊசலாடுகிறது. சரி, பாடிப் பார்ப்போம் என்று கூட்டம் பாடத் தொடங்குகிறது. பாட்டில் தன் பெயர் வந்ததும் அந்த வேடன் கூச்சப்படுகிறான். உன்னைப் போல ஒரு வேடன் எங்கும் இல்லை என்று அவர்கள் சொல்ல வருவதை முடிக்கவிடாமல், வேட்டையில் கிடைத்த மான்கறியையும் கள்ளையும் தன் மலையில் பிறந்த பொன்னையும் மணிகளையும் நீட்டி, 'கொள்ளுங்கள்' என்கிறான். பாட்டு முழுவதிலும் ஓரி பேசுவது அந்த ஒரு சொல்தான்.

அந்த ஒரு சொல்லும் கூச்சமும் அவசரமும் சேர்ந்து ஒரு முழு மனிதனைக் காட்டிவிடுகின்றன. புகழ்ச்சியைத் தாங்க முடியாதவன், கொடுப்பதற்கு விளக்கம் சொல்லாதவன், தன்னை இன்னார் என்று அறிவித்துக்கொள்ளாதவன். ரோல்-பிளேயிங் கேம் எனப்படும், பாத்திரமேற்று ஆடும் கணினி விளையாட்டுகளை எழுதுகிறவர்கள் நாள் முழுக்க மல்லாடுவது இந்த வேலையோடுதான். ஆட்டக்காரர் ஓர் ஊருக்குள் நுழைகிறார். எதிரே ஒருவர் வருகிறார். அவர் எப்படிப்பட்டவர் என்பது இரண்டு மூன்று வாக்கியங்களில் தெரிந்தாக வேண்டும். அதைவிடக் கடினமான பங்கு ஒன்று உண்டு. ஆட்டக்காரர் பதிலுக்கு என்ன சொல்லலாம் என்று மூன்று நான்கு வாக்கியங்களை எழுத்தாளர் தயாராக வைக்க வேண்டும். அவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது ஆட்டக்காரர் தன் பாத்திரத்துக்கு ஒரு குணத்தைக் கொடுக்கிறார்.

குணத்தை எப்படி அளப்பது என்ற கேள்வி இந்த விளையாட்டுகளுக்குப் பிறப்பிலேயே இருக்கிறது. கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் 1974-இல் வெளியிட்ட 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' மேசை விளையாட்டில் ஒவ்வொரு பாத்திரமும் ஒழுங்கு, நடுநிலை, குலைவு என்ற மூன்றில் ஒரு பக்கம் நிற்க வேண்டும். 1978-இல் வந்த விரிவான விதிநூலில் அதோடு நன்மை, தீமை என்ற அச்சும் சேர்ந்து ஒன்பது கட்டங்கள் ஆயின. 1985-இல் ரிச்சர்ட் காரியட்டின் 'அல்டிமா 4' கணினியில் இன்னொரு வழியைக் கண்டது. தொடக்கத்தில் குறி சொல்லும் பெண் ஒருத்தி தர்மசங்கடமான கேள்விகளைக் கேட்பாள். உண்மையா இரக்கமா, வீரமா நீதியா என்று இரண்டிரண்டாக எதிரே வைப்பாள். அந்தப் பதில்களிலிருந்து ஆட்டக்காரரின் பாத்திரம் உருவாகும். ஆனால் ஊர்க்காரர்களிடம் பேச வேண்டுமென்றால் பெயர், தொழில் என்று ஒற்றைச் சொற்களைத் தட்டச்ச வேண்டும். அரசனிடமும் பிச்சைக்காரனிடமும் ஒரே தட்டச்சுதான். ஒருவன் என்ன செய்வான் என்பதை அந்தக் கட்டங்களும் கேள்விகளும் சொல்லின. அவன் எப்படிப் பேசுவான் என்பதற்கு அவற்றில் இடமே இல்லை.

பிறகு வந்தது உரையாடல் மரம். பாத்திரம் ஒன்றைச் சொல்லும், ஆட்டக்காரருக்கு மூன்று பதில்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு மறுமொழி, அதிலிருந்து மீண்டும் மூன்று கிளை. காகிதத்தில் எளிமையாகத் தெரியும் இந்த அமைப்பைப் பத்துச் சுற்று பேச்சுக்கு முழுதாக விரித்தால் 59,049 முடிவுகள் வரும். அத்தனையையும் யாராலும் எழுத முடியாது. அதனால் கிளைகளைச் சிறிது தூரம் பிரியவிட்டு மீண்டும் ஒரே இடத்தில் கொண்டுவந்து சேர்ப்பார்கள். எந்தக் கிளை வழியாக வந்தீர்கள் என்பதை மட்டும் கணினி குறித்து வைத்துக்கொள்ளும். அந்தக் குறிப்பு பத்து மணி நேரம் கழித்து வேறொரு பாத்திரத்தின் வாயில் வந்து விழும்போது, நம்மைக் கவனித்துக்கொண்டே இருந்தார்கள் என்ற உணர்வு வருகிறது. இந்தக் கலையின் பெரும்பகுதி அந்தக் குறிப்புகளில் எதை வைப்பது, எதை விடுவது என்ற முடிவில்தான் இருக்கிறது.

சிலர் இதை அழகாகச் செய்திருக்கிறார்கள். 1997-இல் வந்த 'ஃபால்அவுட்' விளையாட்டில் உங்கள் பாத்திரத்துக்கு அறிவுப் புள்ளியை மிகக் குறைவாக வைத்தால், அவரால் முழு வாக்கியம் பேச முடியாது. உறுமலும் அரைகுறைச் சொல்லும்தான் பதில் பட்டியலில் இருக்கும். 1999-இல் கிறிஸ் அவெல்லோன் தலைமையில் எழுதப்பட்ட 'பிளேன்ஸ்கேப்: டார்மெண்ட்' இன்னும் நுட்பமானது. அதில் ஒரே வாக்கியம் பட்டியலில் இரண்டு முறை வரும். ஒன்றின் முன்னால் உண்மை என்றும் மற்றொன்றின் முன்னால் பொய் என்றும் குறித்திருக்கும். எதிரே நிற்பவர் காதில் விழுவது ஒரே சொற்கள்தான். சொல்பவரின் உள்ளம் மட்டும் வேறு. எஸ்தோனியாவைச் சேர்ந்தவர்கள் தொடங்கிய ஸாவும் நிறுவனம் 2019-இல் வெளியிட்ட 'டிஸ்கோ எலிசியம்' உள்ளத்தையே பல பேராக உடைத்துவிட்டது. துப்பறிவாளனின் 24 திறன்களும் தனித்தனிக் குரலாக அவன் தலைக்குள் பேசும், வாதாடும், தவறான யோசனை சொல்லும்.

பயோவேர் நிறுவனத்தின் வழி வேறு. 2009-இல் வந்த 'டிராகன் ஏஜ்: ஆரிஜின்ஸ்' விளையாட்டில் நாயகனுக்குக் குரல் கிடையாது. முழு வாக்கியங்களைப் படித்துத் தேர்ந்தெடுக்கலாம். 2011-இல் வந்த அதன் இரண்டாம் பாகத்தில் நாயகனுக்குக் குரல் வந்தது, முழு வாக்கியம் போனது. அதற்கு முன்பே 'மாஸ் எஃபெக்ட்' விளையாட்டில் அறிமுகமாகியிருந்த சக்கர வடிவப் பட்டியல் இங்கும் வந்தது. சுருக்கமாக இரண்டு மூன்று சொற்கள், அதன் நடுவே பேச்சின் தொனியைக் காட்டும் ஒரு சின்னம்: இணக்கத்துக்கு ஒன்று, கேலிக்கு ஒன்று, முரட்டுத்தனத்துக்கு ஒன்று. நீங்கள் எந்தத் தொனியை அதிகம் தேர்ந்தெடுக்கிறீர்கள் என்று கணினி எண்ணிக்கொண்டே வரும். நீங்கள் தேர்ந்தெடுக்காத இடங்களில்கூட, உங்கள் நாயகன் தானாகப் பேசும் வாக்கியங்கள் அந்தக் கணக்குப்படி மாறும். கேலியையே தேர்ந்தெடுத்து வந்தவரின் நாயகன் சாவு வீட்டிலும் ஒரு கிண்டலை உதிர்ப்பான். பழக்கம் குணமாக இறுகும் விதத்தை எண்களால் காட்டிய இந்த அமைப்பு இன்னும் பரவலாகப் பின்பற்றப்பட்டிருக்க வேண்டியது. 2015-இல் வந்த 'ஃபால்அவுட் 4' மறுபக்கத்தைக் காட்டியது. எல்லாப் பதில்களையும் நான்கு சுருக்கச் சொற்களாக அடக்கியதால், பாத்திரம் வாய் திறந்த பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பதே ஆட்டக்காரருக்குத் தெரிந்தது. முழு வாக்கியத்தையும் திரையில் காட்டும் மாற்றுநிரலை ரசிகர்களே எழுதிப் பரப்பினார்கள்.

இவை எல்லாவற்றிலும் தொனி என்பது பேசுகிறவரின் மனநிலை. நல்லவராகப் பேசுகிறாரா, விளையாட்டாகப் பேசுகிறாரா, கோபமாகப் பேசுகிறாரா என்பதே கேள்வி. யாரிடம் பேசுகிறார் என்பது இரண்டாம் பட்சம். ஆங்கிலத்தில் இது நடக்கும்; ஒரே வாக்கியத்தை அரசனுக்கும் ஆயாவுக்கும் பொதுவாக எழுதிவிடலாம். தமிழில் முடியவே முடியாது.

கொல்லிமலையிலேயே ஒரு காட்சியை எழுதிப் பார்ப்போம். காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி வந்தால், ஆயிரம் மீட்டருக்கு மேல் உயரத்தில் சோளக்காடு சந்தை. ஆட்டக்காரரின் பாத்திரம் நாமக்கல்லிலிருந்து வரும் ஒரு வியாபாரியிடம் வேலை பார்க்கும் இருபது வயது இளைஞன். எதிரே, தன் தோட்டத்து சில்வர் ஓக் மரங்களில் ஏறிய கொடிகளிலிருந்து பறித்துக் காயவைத்த மிளகோடு அறுபது வயதுப் பெண்மணி. மூட்டையின் வாய் பிரிந்திருக்கிறது. இளைஞன் ஒரு கை அள்ளி, விரலால் தள்ளிப் பொக்கு இருக்கிறதா என்று பார்க்கிறான். அவனுக்குத் தேவை ஒரே தகவல்: விலை. அதைக் கேட்கும் வழிகள்:

"மூட்டைய எறக்கு. வெலய நான் போட்டுக்கறேன்."

"ஏம்மா, கிலோ என்னான்னு குடுப்ப?"

"ஆயா, நம்ம மொளகு இந்த வருசம் ஜம்முன்னு இருக்குது. என்ன வெலைக்குப் போடலாம்?"

"தப்பா நெனச்சுக்காதீங்க, மொளகு என்ன வெல சொல்றீங்கன்னு தெரிஞ்சுக்கலாமுங்களா?"

"போன வாரம் மழை பேஞ்சதுல எல்லாருக்கும் மொளகு காயவே இல்லைங்கறாங்க…"

ஐந்தின் நோக்கமும் ஒன்றுதான். முதலாவதில் அதிகாரம் மட்டும் இருக்கிறது. மூன்றாவதில் "ஆயா" என்ற உறவும் "நம்ம மொளகு" என்ற ஒட்டுதலும். நான்காவதில் தயக்கமும் விலகி நிற்கும் மரியாதையும். ஐந்தாவதில் கேள்வியே இல்லை. ஆயா பதில் சொன்னால் சொல்லட்டும், இல்லாவிட்டால் யாருக்கும் தலைகுனிவு இல்லை. இந்த ஐந்தில் ஒன்றை அழுத்திய கணமே அந்த இளைஞன் யார் என்பது முடிவாகிவிடுகிறது.

இந்த வகைப்பாடு என் சொந்தக் கண்டுபிடிப்பு இல்லை. மொழியியலில் மிக அதிகமாக எடுத்தாளப்படும் கோட்பாடுகளில் ஒன்று இது. அது உருவானதில் நம் கொங்குப் பேச்சுக்குப் பெரும்பங்கு உண்டு. பெனலோபி பிரவுன், ஸ்டீபன் லெவின்சன் என்ற இரு ஆய்வாளர்கள் 1978-இல் எழுதி, 1987-இல் தனி நூலாக வெளியிட்ட ஆய்வு மூன்று மொழிகளைச் சான்றாகக் கொண்டது. ஒன்று ஆங்கிலம். மற்றொன்று மெக்சிகோவின் மாயா இன மக்கள் பேசும் ட்ஸெல்டால். மூன்றாவது, கோவை மாவட்டக் கிராமம் ஒன்றில் லெவின்சன் தங்கிக் கேட்டுப் பதிவுசெய்த தமிழ். ஒரு தமிழ்க் கிராமத்தில் சமூக உறவு பேச்சில் பதியும் விதம் பற்றித்தான் 1977-இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் அவர் முனைவர் பட்டம் பெற்றார்.

அவர்கள் சொல்வது இது. ஒருவரிடம் எதையாவது கேட்பதே அவருடைய மதிப்பின் மீது ஒரு சிறு இடிப்பு. அந்த இடிப்பின் எடை மூன்று விஷயங்களின் கூட்டுத்தொகை: பேசுகிறவருக்கும் கேட்கிறவருக்கும் இடையே உள்ள விலகல், கேட்கிறவருக்குப் பேசுகிறவர் மேல் உள்ள அதிகாரம், கேட்கப்படும் காரியத்தின் பாரம். எடை குறைவாக இருந்தால் நேராகப் போட்டு உடைக்கலாம். கூடக்கூட முதலில் ஒட்டுதல் காட்டிப் பேசுவோம், பிறகு விலகி நின்று மரியாதையாகப் பேசுவோம், அதற்கும் மேலே சாடையாகப் பேசுவோம். எடை தாங்காது என்றால் பேசாமலே இருந்துவிடுவோம். சந்தையில் நாம் எழுதிய வாக்கியங்கள் ஏறக்குறைய இந்தப் படிகளில்தான் நிற்கின்றன.

கணினிக்கு இது பொன்னான செய்தி. மூன்று எண்களைக் கொடுத்தால் எந்த வகை வாக்கியம் என்று அது கணக்கிட்டுவிடும். மெரிலின் வாக்கர், ஜேனட் கான், ஸ்டீவ் விட்டேக்கர் மூவரும் 1997-இல் அதைத்தான் செய்தார்கள். கணினிப் பாத்திரங்களின் பேச்சு நடையைப் பிரவுன்-லெவின்சன் கோட்பாட்டின்படி தேர்ந்தெடுக்கும் முறை ஒன்றை உருவாக்கினார்கள். பிறகு வாக்கரும் ஃபிரான்சுவா மெய்ரெஸ்ஸும் 2007-இல் 'பர்சனேஜ்' என்ற நிரலைக் கொண்டுவந்தார்கள். உளவியலில் ஆளுமையை ஐந்து கூறுகளாகப் பிரிப்பார்கள். கலகலப்பு, இணக்கம், பொறுப்புணர்வு, மனத்தின் நிதானம், புதுமையில் நாட்டம் என்று அவற்றைச் சொல்லலாம். ஓர் உணவகத்தைப் பரிந்துரைக்கும் ஒரே செய்தியை, கலகலப்பான ஆள் சொன்னால் எப்படி, ஒதுங்கிய ஆள் சொன்னால் எப்படி என்று அந்த நிரல் வேறு வேறு வாக்கியங்களாக்கும். எவ்வளவு நீளம், எத்தனை தயக்கச் சொல், நல்லதை முதலில் சொல்வதா கெட்டதையா என்ற தேர்வுகள்தான் அதன் கருவிகள். மனிதர்களிடம் படிக்கக் கொடுத்தபோது, நிரல் நினைத்த குணத்தையே அவர்களும் அந்த வாக்கியங்களில் கண்டார்கள். கோவைப் பக்கத்துக் கிராமப் பேச்சில் ஒரு பகுதி வேர்கொண்ட ஒரு கோட்பாடு, கணினிப் பாத்திரங்களின் வாய்க்குள் இப்படிப் போய்ச் சேர்ந்திருக்கிறது. இதைத் தமிழில் கேம் செய்ய நினைக்கும் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று எனக்கு ஆசை.

சோளக்காட்டுக் காட்சிக்குத் திரும்பினால், அந்தக் கணக்கில் ஒரு சிக்கல் தெரியும். அதிகாரம் என்பது ஒரே எண் இல்லை. வயதில் பெரியவர் ஆயா. தராசும் பணமும் இளைஞன் பக்கம். வயது "ங்க" போடச் சொல்கிறது, பணம் அதை விழுங்கச் சொல்கிறது. இரண்டும் எதிரெதிர் திசையில் இழுக்கும்போது ஒருவன் எதற்கு எவ்வளவு இடம் கொடுக்கிறான் என்பதுதான் அவன் குணம். ஆகவே தமிழ்ப் பாத்திரம் ஒன்றை வடிவமைக்கும்போது நல்லவன், கெட்டவன் என்ற ஒன்பது கட்டங்களுக்குப் பதிலாக இப்படிக் கேட்கலாம்: வயதுக்கு இவன் எவ்வளவு எடை தருகிறான்? பணத்துக்கு? படிப்புக்கு? பதவிக்கு? அந்நியருக்கு? இந்த எடைகளை எழுதிவிட்டால், அவன் யாரைச் சந்தித்தாலும் என்ன பேசுவான் என்பது பெரும்பாலும் தானாக வந்துவிடும்.

சாதியைச் சொல்லாமல் இந்தக் கணக்கு முழுமையாகாது. லெவின்சன் அந்தக் கிராமத்தில் கவனித்தவற்றில் முக்கியமானது இதுதான். யார் யாருக்கு "நீ" போடுகிறார்கள், யாரிடமிருந்து "நீங்க" பெறுகிறார்கள் என்று குறித்துக்கொண்டே வந்தால், ஊரின் சாதி அடுக்கு அதில் படிந்து தெரியும். எழுபது வயது உழைப்பாளியைப் பத்து வயதுப் பையன் "வாடா" என்று கூப்பிட்ட காலத்தை நம் வீட்டுப் பெரியவர்கள் கண்ணால் கண்டவர்கள். அந்தக் கொடுமை ஒரு வினைமுற்றின் கடைசி அசையில் நடந்தது. தமிழில் ஒரு நல்ல கேம், ஆட்டக்காரருக்கு ஓர் ஊர்ப் பெரிய மனிதரின் பாத்திரத்தைக் கொடுத்து, எதிரே ஒரு முதியவரை நிறுத்தி, பதில் பட்டியலில் "வாடா", "வா", "வாங்க" என்ற மூன்றை மட்டும் வைத்தால் போதும். வாள் சண்டை எதுவும் தராத கனம் அந்த ஒரு தேர்வில் இருக்கும். நிக் யீ, ஜெரமி பெய்லன்சன் இருவரும் ஸ்டான்ஃபோர்டில் செய்து 2007-இல் வெளியிட்ட சோதனையில், மெய்நிகர் உலகில் உயரமான உருவம் கொடுக்கப்பட்டவர்கள் பணப் பங்கீட்டில் அதிகக் கறாராகப் பேரம் பேசினார்கள். தரித்த உருவமே அவர்கள் நடத்தையை மாற்றியது. அவர்கள் சோதித்தது உருவத்தைத்தான் என்றாலும், தரிக்கும் பேச்சுக்கும் அந்த வலிமை இருக்கக்கூடும் என்று நினைக்க இடமிருக்கிறது.

பேச்சை வைத்து ஆளை அறியும் கலையை நம் இலக்கணம் தனி உறுப்பாகவே வைத்திருக்கிறது. தொல்காப்பியச் செய்யுளியல் சொல்லும் 34 உறுப்புகளில் கூற்று, கேட்போர், களன் ஆகியவற்றோடு முன்னம் என்று ஒன்று வருகிறது. இந்த இடத்தில் இந்தப் பேச்சு இன்னாருக்கு உரியது, இன்னாரை நோக்கியது என்று படிப்பவர் உய்த்துணரும்படி பேச்சை அமைப்பதே அது. அதற்குத் தேவையும் இருந்தது. அகப்பாட்டில் தலைவனுக்கோ தலைவிக்கோ பெயர் சூட்டக் கூடாது என்பது விதி. தலைவியா தோழியா செவிலியா என்பது குரலிலேயே தெரிய வேண்டும். தலைவி கூற்று, தோழி கூற்று என்று பாட்டின் அடியில் இருக்கும் குறிப்புகள் பிற்காலத்தார் சேர்த்தவை. இன்றைய கேம் எழுத்தாளர்கள் தங்கள் வசனங்களைச் சோதிக்கப் பெயர்ப் பட்டையை மறைத்துவிட்டு, யார் பேசுகிறார் என்று கண்டுபிடிக்க முடிகிறதா என்று பார்ப்பார்கள். குறுந்தொகையும் நற்றிணையும் அந்தச் சோதனையில் நூற்றாண்டுகளாகத் தேறிக்கொண்டிருக்கின்றன.

தெருக்கூத்தில் இதே கலை வேறு உருவம் எடுத்தது. திரைக்குப் பின்னால் நிற்கும் வேஷத்திடம் கட்டியங்காரன் யார், எந்த நாடு என்று கேட்டு வாயைக் கிளறுவான். ராஜா வேஷம் விருத்தமும் வசனமுமாக உயர்ந்த தமிழில் பதில் சொல்ல, கட்டியங்காரன் தெருத் தமிழில் மடக்குவான். ராஜாவின் ஆணவம் எவ்வளவு என்பது கட்டியங்காரனின் கேள்வியால்தான் வெளியே வரும். கேமில் ஆட்டக்காரரின் இடம் இந்தக் கட்டியங்காரன் இடம்தான். பதில் பட்டியல் எழுதுகிறவர்கள் ஓர் இரவாவது கூத்துப் பார்க்க வேண்டும்.

ஓர் எச்சரிக்கையும் இங்கே தேவை. ஜப்பானிய மொழியியலாளர் சதோஷி கின்சுய் 2003-இல் எழுதிய நூலில், கதைகளில் மட்டும் வாழும் பேச்சு நடைகளை ஆராய்ந்தார். ஜப்பானிய மங்காவில் வயதான விஞ்ஞானி தன்னை 'வாஷி' என்பார், வாக்கியத்தை 'ஜா' என்று முடிப்பார். நிஜ விஞ்ஞானி யாரும் அப்படிப் பேசுவதில்லை. ஆனாலும் இரண்டு அசையில் ஆளைக் காட்டிவிடலாம் என்பதால் எழுத்தாளர்கள் அதை விடுவதில்லை. நம் சினிமாவிலும் மலைவாசி என்றால் ஒரு பேச்சு வைத்திருக்கிறார்கள். அரைகுறை வாக்கியம், எதற்கெடுத்தாலும் "சாமி", முகத்தில் வெகுளித்தனம். கொல்லிமலையில் வாழும் மலையாளிப் பழங்குடி மக்கள் பேசுவது தமிழ். காஞ்சிபுரத்திலிருந்து வந்த மூன்று அண்ணன் தம்பிகள் வெவ்வேறு மலைகளில் குடியேறிய கதையைத் தங்கள் வரலாறாகச் சொல்பவர்கள் அவர்கள். வளப்பூர் நாடு, குண்டூர் நாடு, வாழவந்தி நாடு என்று ஊர் அமைப்பே நாடுகளாக இருக்கும் மலை அது. காப்பி விலையும் மிளகு விலையும் கைப்பேசியில் பார்த்துவிட்டுப் பேரம் பேசும் விவசாயிக்குச் சினிமாவின் வெகுளிப் பேச்சைக் கொடுப்பது பொய். எழுத்தாளர் சோம்பல்பட்டதற்கு அந்த மக்கள் விலை கொடுக்கிறார்கள்.

நல்ல கருவிகள் நம் பேச்சிலேயே கிடக்கும்போது இந்தப் போலி நடை எதற்கு? "நாங்க", "நாம" என்ற இரண்டையே எடுத்துக்கொள்ளுங்கள். கேட்கிறவரைச் சேர்க்காமல் சொன்னால் "நாங்க". சேர்த்துச் சொன்னால் "நாம". பிரவுனும் லெவின்சனும் ஒட்டுதல் காட்டும் உத்தியாகத் தங்கள் நூலில் பேசுவதில் இந்தச் சேர்ப்பும் உண்டு. பல கேம்களில் துணைப்பாத்திரம் ஒருவருக்கு நம் மேல் எவ்வளவு நம்பிக்கை என்பதைத் திரையோரம் ஒரு பட்டையில் எண்ணாகக் காட்டுவார்கள். தமிழில் அந்தப் பட்டை வேண்டாம். கொல்லிமலையின் ஆகாய கங்கை அருவிக்கு வழிகாட்ட வரும் மலைப்பெண் முதல் நாள் "நாங்க இந்தப் பக்கம் எறங்க மாட்டோம்" என்கிறாள். நான்கு நாள் பழக்கத்துக்குப் பின் ஒரு சாயங்காலம் "இருட்டிப் போச்சு, நாம நாளைக்கு எறங்கலாம்" என்கிறாள். கவனமான ஆட்டக்காரர் அந்த இடத்தில் நிமிர்ந்து உட்காருவார். கவனிக்காதவருக்கும் ஏதோ நெருங்கியது போலத் தோன்றும்.

செலவு கூடுமே என்று கேட்பார்கள். கூடும். எழுத்தில் மட்டும் வரும் வசனம் என்றால் தமிழின் ஒட்டுநிலை அமைப்பு உதவும். வினையடியும் காலமும் அப்படியே இருக்க, கடைசி ஒட்டை உறவுக்கேற்ப மாற்றும் நிரலை எழுதலாம். குரல் கொடுத்துப் பதிவு செய்வதென்றால் ஒரே வாக்கியத்தை மூன்று நான்கு முறை பேச வைக்க வேண்டும். எல்லா வாக்கியத்துக்கும் அதைச் செய்யத் தேவையில்லை. உறவு திரும்பும் இடங்களில் செய்தால் போதும். ஆங்கிலத்தில் மூன்று தொனியை எழுதி முடித்துவிட்டுப் பிறகு மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்தால் மட்டும் இது நடக்காது. யார் யாருக்கு என்ன முறை என்ற அட்டவணை முதல் நாளே கேமின் அடித்தளத்தில் இருக்க வேண்டும். டொராண்டோவின் விசை கேம்ஸ் 2023-இல் வெளியிட்ட 'வெண்பா', கனடாவுக்குக் குடிபெயர்ந்த வெண்பா, பாவலன், அவர்கள் மகன் கவின் ஆகிய மூவரின் கதையைச் சமையலாலும் பேச்சுத் தேர்வுகளாலும் சொன்னது. 2024-இல் பாஃப்டாவின் அறிமுக விளையாட்டு விருதையும் பெற்றது. பாத்திரமேற்று ஆடும் பெரிய விளையாட்டு வகையைச் சேர்ந்தது இல்லை என்றாலும், ஒரு தமிழ் வீட்டுப் பேச்சை மையமாக வைத்து உலகம் முழுக்க ஆடவைக்க முடியும் என்பதை அது மெய்ப்பித்தது.

இப்போது எழுத்தாளரே எழுதாத வசனங்களும் வரத் தொடங்கியிருக்கின்றன. 2023 மே மாதம் என்விடியா நிறுவனம் காட்டிய செயல்விளக்கத்தில், ராமென் கடைக்காரர் ஒருவரிடம் ஆட்டக்காரர் மைக்கில் பேச, மொழி மாதிரி ஒன்று அந்த நொடியே பதிலை உருவாக்கிக் கடைக்காரர் வாயில் வைத்தது. இத்தகைய மாதிரிகள் எழுத்திலிருந்து கற்பவை. இணையத்தில் கிடைக்கும் தமிழ் எழுத்தில் செய்தித்தாள் நடை அதிகம், சந்தைப் பேச்சு குறைவு. அதை மட்டும் படித்த கணினி, சோளக்காட்டு ஆயாவையும் "தாங்கள் எவ்வளவு மிளகு வாங்க விரும்புகிறீர்கள்?" என்றுதான் பேசவைக்கும். இதைச் சரிசெய்ய ஆட்கள் சந்தைக்குப் போய், பேசுகிறவர்களின் சம்மதத்தோடு பதிவு செய்ய வேண்டும். சொற்களைப் பட்டியலிட்டால் போதாது. ஒவ்வொரு வாக்கியத்தோடும் பேசியவர் வயது, கேட்டவர் வயது, இருவருக்கும் என்ன முறை, எத்தனை நாள் பழக்கம், என்ன காரியமாகப் பேசினார்கள், பக்கத்தில் யார் நின்றார்கள் என்பதையும் குறித்தாக வேண்டும். மலைக்காரர் கீழ்நாட்டு வியாபாரியிடம் பேசியதும், அதே நபர் தன் நாட்டுக்காரரிடம் அடுத்த நிமிடம் பேசியதும் பக்கத்துப் பக்கமாக இருக்க வேண்டும். அந்தப் பதிவை எடுப்பதற்கு அந்த மலையில் பிறந்து கல்லூரிக்குப் போயிருக்கும் பிள்ளைகளைவிடத் தகுந்தவர்கள் கிடையாது. அவர்களுக்கு உரிய கூலியையும், விளையாட்டின் எழுத்தாளர் பட்டியலில் அவர்கள் பெயரையும் கொடுத்துத்தான் அந்த வேலையைக் கேட்க வேண்டும்.